விளையாட்டரங்கு: கொடையா, கடனா?

மனிதனை உழைக்கும் உயிர் என்றும் சிந்திக்கும் உயிர் என்றும் வரையறுத்த அறிஞர் பலர். அவ்வரையறைகளோடு மூன்றாவதொன்றைச் சேர்த்தவர் ஒல்லாந்து நாட்டு வரலாற்றாசிரியரான யோகான் ஹூயிசிங்கா. மனிதன் விளையாடும் உயிர் என்றும், சட்டம், சடங்கு, கவிதை முதலிய பண்பாட்டுக் கூறுகள் பலவும் விளையாட்டின் இயல்பைத் தம்முட் கொண்டே வளர்ந்தன என்றும் 1938ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் அவர் வாதிட்டார். விளையாட்டு என்பது வேலை முடிந்தபின் மிஞ்சும் பொழுதை நிரப்பும் வழி என்று எண்ணுவோர்க்கு இக்கருத்து வியப்பாகத் தோன்றலாம். ஆயின், கடற்றொழில் முடித்த களைப்போடு மாலை வேளையிற் கரை மணலிலே பந்துதைக்கும் இளைஞரைக் கண்டோர்க்கு இதில் வியப்பில்லை. களைத்த உடல் ஓய்வை நாடாது விளையாட்டை நாடுகின்றதெனின், உடலுக்கு மேற்பட்ட ஏதோவொரு தேவையை விளையாட்டு நிறைவு செய்கின்றது என்பது பெறப்படும்.

எனினும், விளையாட்டு வேறு, விளையாட்டரங்கு வேறு. இரு தடிகளை நட்டு அவற்றின் இடைவெளியைக் கோல் எனக் கொள்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அரங்கொன்றை எழுப்புவதற்கோ பொதுநிலம் வேண்டும். பெருந்தொகைப் பணம் வேண்டும். எங்கே, எத்துணைப் பெரிதாக, எந்த விளையாட்டுக்கு, எவர் பெயரால் என்னும் வினாக்களுக்கு ஒரு சிலர் கூடி விடை காணல் வேண்டும். ஒன்றுக்கெனச் செலவிட்ட நிலமும் பணமும் பிறிதொன்றுக்கு இல்லாமற் போகும். ஆடுதல் மனித இயல்பு. அரங்கெடுத்தல் ஒரு சமூகத்தின் தீர்மானம். தீர்மானம் எங்குண்டோ அங்கே அறவினாவும் உண்டு. அரங்கொன்றை எழுப்பும் சமூகம் ஒரு நன்மையைப் பெற்றுக்கொள்கின்றதா, அன்றி ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றதா என்பதே அவ்வினா. அதனை யாழ்ப்பாணத்துத் தீவுகளை முன்வைத்து ஆராய்வதற்கு இன்று தக்க காரணம் உண்டு.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் திகதி மண்டைதீவிலே யாழ்ப்பாணம் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் நிர்மாணப் பணியை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். யாழ் நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே தீவுப்பகுதிக்குச் செல்வோர் முதலில் எதிர்கொள்ளும் தீவு மண்டைதீவாகும். அதற்கப்பால் அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என நிலம் நீள்கின்றது. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிந்துவிடுகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அங்கிருந்து படகேறல் வேண்டும். அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, 138 ஏக்கர் பரப்பில் அமையவுள்ள விளையாட்டு நகரம் ஒன்றின் பகுதியாக, நாற்பதாயிரம் பேர் அமரத்தக்க அரங்கு எழுப்பப்படவுள்ளது. நெடுந்தீவில் வாழ்வோர் சில ஆயிரவரே. அத்தீவின் மக்கள் அனைவரும் ஒருசேர வந்தமர்ந்தாலும் அவ்வரங்கிற் பெரும்பகுதி வெறுமையாகவே இருக்கும்.

இவ்வரங்கு வேண்டும் என்போரின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. லங்கா பிரீமியர் லீக் 2020ஆம் ஆண்டில் ஆரம்பமானபோது யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணியே முதலாவது கிண்ணத்தை வென்றது. தொடர்ந்து 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அப்பெயருடைய அணியே வாகை சூடிற்று. ஆயின், நான்கு கிண்ணங்களை வென்ற அவ்வணி தன் பெயர்க்குரிய மண்ணில் அத்தொடரின் ஒரு போட்டியைத்தானும் ஆடியதில்லை. ஆடத்தக்க மைதானம் இங்கே இருக்கவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் விளையாடி வளர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியினூடாக முன்னேறி, 2024ஆம் ஆண்டில் இந்தியன் பிரீமியர் லீக் தொடரிலும் பந்து வீசினார். விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு, செல்வமும் செல்வாக்கும் அற்ற இல்லத்துப் பிள்ளைக்கும் ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றது. தன் ஊரவர் முன்னிலையில் ஆடும் வாய்ப்பு அப்பிள்ளைக்குக் கிட்டுமாயின் அது சிறிய பேறன்று. கொழும்புக்கும் கண்டிக்கும் தம்புள்ளைக்கும் உரியது யாழ்ப்பாணத்துக்கும் உரியதே என்னும் சமத்துவ உணர்வும் இக்கோரிக்கையின் அடியில் உண்டு.

ஆயின், அரங்கெடுத்த அனுபவம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. நகரின் நடுவே, கோட்டைக்கும் பொது நூலகத்துக்கும் அண்மையில், துரையப்பா விளையாட்டரங்கு உள்ளது. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் நடைபெறும் அவ்வரங்கு, யாழ்ப்பாண மாநகர முதல்வராக விளங்கிய அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கியது. அவர் 1975ஆம் ஆண்டு யூலை 27ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்றவேளை சுட்டுக் கொல்லப்பட்டார். அயலிலிருந்த நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டது. போரின் நடுவே, 1997 முதல் அரங்கும் பாழடைந்தது. 1999ஆம் ஆண்டில் அதனைச் சீர்திருத்தும் முயற்சியில் நிலத்தை அகழ்ந்தபோது மண்ணினுள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பின்னர் இந்திய அரசு ஏறத்தாழ ஏழு கோடி இந்திய ரூபாய் செலவில் அரங்கைப் புனரமைத்தது. 2016ஆம் ஆண்டு யூன் 18ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிற் கலந்துகொள்ள, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி புது டில்லியிலிருந்து காணொளி வாயிலாக இணைந்துகொள்ள, 1850 இருக்கைகளோடு அது மீண்டும் திறந்து வைக்கப்பட்டது.

ஓர் அரங்கின் வரலாற்றுள் ஒரு நகரின் வரலாறே அடங்கிக் கிடப்பதை இங்குக் காணலாம். பெயர், கொலை, பாழ், புதைகுழி, கொடை என அடுக்கடுக்காக அமைந்த அந்நிலத்தின் மேற்பரப்பிலேதான் இன்று இளைஞர் பந்துதைக்கின்றனர். அவர்கள் அவ்வாறு ஆடுவது தவறாகுமா? ஆகாது என்றே கூறல் வேண்டும். ஆயினும், நிலத்தின் அடியிற் கிடப்பவற்றை எவரும் கேளாமலும் கூறாமலும் ஆடுவதற்கும், கேட்டும் கூறியும் ஆடுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. மண்டைதீவு அரங்கின் அறவினாவுக்கு விடை தேடுவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

அரங்கு வேண்டா என்போர் முன்வைக்கும் முதல் வாதம் தேவைகளின் வரிசை பற்றியது. குடிநீரும் மருத்துவமும் போக்குவரத்தும் நிறைவுறாத இடத்தில் அரங்கு எதற்கு என்பது அவர்தம் வினா. தீவுகளைப் பொறுத்தவரை இது வெறும் மேடைப் பேச்சன்று. நெடுந்தீவுக்குச் செல்லும் படகுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குரியது. கடல் கொந்தளித்தால் நோயாளியும் காத்திருக்க வேண்டும். ஆசிரியரும் காத்திருக்க வேண்டும். உலகின் பிற பகுதிகளிலும் இவ்வினா எழுந்ததுண்டு. 2014ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிகளுக்குப் பிறேசில் ஆயத்தமாகிக் கொண்டிருந்த காலை, 2013ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் வீதிக்கு வந்தனர். அரங்குகளுக்குக் காட்டும் தரத்தைப் பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் காட்டுக என்பது அவர்தம் முழக்கம். உதைபந்தாட்டத்தை உயிரெனப் போற்றும் நாட்டிலேயே அவ்வாறு கேட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அமேசன் காட்டின் நடுவே உள்ள மனாவுஸ் நகரில் நாற்பதாயிரம் பேருக்கு மேல் அமரத்தக்க அரங்கு கட்டப்பட்டது. உலகக் கிண்ணத்தின் நான்கு போட்டிகள் அங்கே நடைபெற்றன. நாட்டின் முதற்றரப் பிரிவில் ஆடும் கழகம் எதுவும் அக்காலை அந்நகரில் இருக்கவில்லை. இலங்கையிலும் 2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கென அம்பாந்தோட்டை மாவட்டத்தின் சூரியவெவவில் 35,000 பேருக்கான அரங்கு எழுப்பப்பட்டது. பன்னாட்டுப் போட்டிகள் அங்கு அரிதாகவே நடைபெறுவதை நாடறியும்.

இவ்வாதம் வலியதே, ஆயினும் முழுமையானதன்று. தேவைகள் யாவும் தீர்ந்த பின்னரே விளையாட்டு என்று வரிசை வகுப்பின், ஏழை மக்கள் என்றுமே விளையாட இயலாது. தேவைகள் முற்றாகத் தீரும் நாள் எச்சமூகத்துக்கும் வந்ததில்லை. பசித்த வீட்டிலும் பிள்ளைக்குக் கதை சொல்லப்படுகின்றது. போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் நாடகம் மேடையேறிற்று. ஊர்தோறும் பந்தாட்டம் நடைபெற்றது. சோறு முதல், பாட்டுப் பிறகு என்னும் வரிசை மனித வாழ்வின் உண்மை வரிசையன்று. மேலும், வறியோர்க்கு உணவும் கூரையும் போதும், மகிழ்ச்சி வசதி படைத்தோர்க்கு உரியது என்னும் எண்ணம் இவ்வாதத்தின் அடியில் மறைந்திருக்கவும் கூடும். அவ்வெண்ணம் இரக்கத்தின் வடிவில் வரும் இகழ்ச்சியாகும். ஆதலின், வறுமை நிலவுகின்றது என்பது மாத்திரம் அரங்கை மறுப்பதற்குப் போதிய காரணமாகாது.

அவ்வாறெனின், அரங்கெடுப்போர் கூறும் விடையே சரியென்று கொள்ளலாமா? அதற்கு முன், அரங்கு எத்தகைய பொருளாக வழங்கப்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். அரங்குகள் பெரும்பாலும் கொடையாகவே அறிவிக்கப்படுகின்றன. ஓர் அரசு மக்களுக்கு அளிக்கின்றது. ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு அளிக்கின்றது. திறப்பு விழாவிலே நன்றியுரை நிகழ்கின்றது. பெயர்க்கல் திரைநீக்கம் பெறுகின்றது. கொடுத்தோரின் நோக்கத்தைக் குறைகூறுதல் இங்குக் கருத்தன்று. கொடை என்னும் கருத்தின் இயல்பே ஆராயத்தக்கது. கொடை, கொடுத்த கணத்திலே நிறைவெய்திவிடுகின்றது. பெற்றவர் நன்றி கூறியதும் கணக்கு மூடப்படுகின்றது. அதன்பின் கேள்வி கேட்பவர் நன்றி மறந்தவராகக் கருதப்படுவார். கொடையாக வரும் பொருளைப் பற்றி, 'இது ஏன் இங்கே? இது ஏன் இவ்வளவு?' என்று வினவும் உரிமை மக்களுக்கு நழுவிப் போகின்றது.

தமிழில் இதற்கு மாறான கருத்தொன்றை உணர்த்தும் சொல் உண்டு. 'கடன்' என்னும் அச்சொல், திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளையும் குறிக்கின்றது. செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கின்றது. ஒரே சொல் இரு பொருளையும் தாங்குவது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் அதன்கண் ஓர் அறவுண்மை புலப்படுகின்றது. கடமை என்பது எவரிடமோ பெற்றுக்கொண்டதன் விளைவாகவே பிறக்கின்றது என்பதே அது. வள்ளுவரும் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். இல்லாதவர்க்கு ஒன்றை அளிப்பது ஈகை. ஊரோடு ஒத்து வாழ்வோன் தன்னிடமுள்ளதை ஊரின் பொதுப்பயனுக்கு உரியதாக்குவது ஒப்புரவு. அவ்வதிகாரத்தில் ஊரார் நீருண்ணும் குளம் உவமையாக வருகின்றது. அக்குளத்துக்கு நீர் முகக்க வருவோர் எவருக்கும் நன்றி கூற வேண்டியதில்லை. ஆனால், குளத்தைத் தூர்ந்துபோகாமற் காக்கும் பொறுப்பு அவர் எல்லோர்க்கும் உண்டு.

விளையாட்டரங்கு கொடையாக அன்றிக் கடனாக எண்ணப்படல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. அரங்கெடுக்கும் சமூகமும், அதனை எடுத்துக் கொடுக்கும் அரசும், சிலவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. நிலத்தைப் பெறுகின்றன, அந்நிலத்தின் நினைவைப் பெறுகின்றன, வேறு தேவைகளை ஒத்திவைக்கும் இசைவை எளியோரிடமிருந்து பெறுகின்றன. பெற்றவை மூன்றாதலின் கடனும் மூன்றாகின்றது. அவற்றை அடைக்கும் எண்ணத்தோடு எழும் அரங்கு நியாயமானது. அவற்றை மறந்து எழும் அரங்கு எத்துணை அழகியதாயினும் நியாயமற்றது.

முதலாவது, மண்ணுக்குரிய கடன். தீவு என்பது கடல் சூழ்ந்த நிலம் மாத்திரமன்று. கடலுக்கு மேல் மிதக்கும் நன்னீருமாகும். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழைநீர் நிலத்தினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. கிணறுகளிற் பெறும் நன்னீர் அதுவே. அளவுக்கு மேல் இறைத்தால் உவர்நீர் மேலெழும், கிணறு கெடும். மேலெழுந்த உவர் விரைவில் இறங்குவதில்லை. கிரிக்கெட் மைதானத்தின் புல் நாள்தோறும் நீர் வேண்டுவது. நாற்பதாயிரம் பேர் கூடும் நாளில் அவர்க்கும் நீர் வேண்டும். மண்டைதீவின் கரையோரம் கண்டலும் சதுப்பும் நிறைந்தது. மழை வெள்ளம் தங்கும் இடம். மீனும் இறாலும் பெருகும் இடம். பறவைகள் வந்து தங்கும் இடம். திட்டம் அறிவிக்கப்பட்டபோது ஈரநிலத்துக்கு நேரக்கூடிய கேடு பற்றிச் சூழலியல் ஆர்வலர் கவலை தெரிவித்தனர். அவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், அரங்கின் புல்லுக்கு நீர் எங்கிருந்து வரும் என்னும் வினாவுக்கு விடை கூறாது அரங்கெடுப்பது, அயல் வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போடுவதை ஒக்கும்.

இரண்டாவது, இறந்தோர்க்குரிய கடன். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், முற்றுகைக்குள்ளான யாழ்ப்பாணக் கோட்டையை மீட்கும் நோக்கோடு இராணுவம் மண்டைதீவுக்குள் நுழைந்தது. அக்காலத்தில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் இல்லம் திரும்பவில்லை. அவர்கள் தீவின் கிணறுகளிற் புதைக்கப்பட்டனர் என்னும் முறைப்பாடும், அக்கிணறுகள் அகழ்ந்து ஆராயப்படல் வேண்டும் என்னும் கோரிக்கையும் எழுந்துள்ளன. மகனைத் தேடும் தாய்க்கு அம்மண் வெறும் மண்ணாகாது. அங்கு எழும் ஆரவாரம் அவள் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை அரங்கெடுப்போர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்குத் தென்னமெரிக்க நாடான சிலியின் அனுபவம் ஒளி தருகின்றது. 1962ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி நிகழ்ந்த சந்தியாகோ தேசிய அரங்கு, 1973ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்த இராணுவப் புரட்சியின் பின் சிறைக்கூடமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அங்கு அடைக்கப்பட்டனர், வதைக்கப்பட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அங்கே ஆட வேண்டியிருந்த சோவியத் அணி வர மறுத்தது. எதிரணி இல்லாத மைதானத்தில் சிலி வீரர் வெறுமையான கோலினுள் பந்தை உதைத்தனர். மக்களாட்சி மீண்டபின் அந்நாட்டார் அரங்கை இடிக்கவில்லை. அங்கு ஆடுவதையும் நிறுத்தவில்லை. அரங்கு புதுப்பிக்கப்பட்டபோது, கைதிகள் இருத்தப்பட்ட மர இருக்கைகளின் ஒரு பகுதியை மாத்திரம் பழையவாறே விட்டுவைத்தனர். ஏனைய இருக்கைகள் நிறைந்து ஆரவாரிக்கும் இரவிலும் அப்பகுதி வெறுமையாகவே இருக்கும். இறந்தோர்க்கு இடம் விட்டு உயிருள்ளோர் விளையாடுகின்றனர்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், அது துக்கத்தையும் மகிழ்ச்சியையும் ஒன்றுக்கொன்று பகையாக்கவில்லை. இறந்தவரை மதிப்பதற்காக இளையோர் விளையாட்டைத் துறத்தல் வேண்டும் என்று அது கூறவில்லை; இளையோர் விளையாட்டுக்காக இறந்தவர் மறக்கப்படல் வேண்டும் என்றும் கூறவில்லை. யாழ்ப்பாணத்து மரபுக்கும் இது அயலானதன்று. செத்தவீட்டில் எட்டும் அந்தியேட்டியும் முறையே நிறைவேறிய பின்னரே நல்ல காரியங்களுக்கு நாள் குறிப்பர். வரிசை தவறினால் இரண்டுமே பொருளிழக்கும். துரையப்பா அரங்கின் மண் 1999இல் கூறியதை மண்டைதீவின் மண் கூறுமுன், கூறவேண்டியது உண்டா என்று கேட்டறிதல் முறையாகும். அகழ்ந்து ஆராய்வது அரங்கைத் தடுக்கும் சூழ்ச்சியன்று. அரங்கைத் தூய்மையாக்கும் செயல்.

மூன்றாவது, மிகத் தொலைவில் உள்ள பிள்ளைக்குரிய கடன். ஒரு பொதுச்செயலின் நியாயத்தை அதன் மையத்தில் நிற்பவரைக் கொண்டு அளத்தல் தகாது. விளிம்பில் நிற்பவரைக் கொண்டே அளத்தல் வேண்டும். மண்டைதீவு அரங்கைப் பொறுத்தவரை அவ்விளிம்பு நெடுந்தீவாகும். அங்குள்ள மாணவி ஒருத்தி விரைவாக ஓடுகின்றாள் என்று கொள்வோம். மாலைப் பயிற்சிக்கு அரங்குக்கு வந்தால் அன்றிரவு அவள் வீடு திரும்புவதற்குப் படகில்லை. தங்கிப் பயில விடுதி வேண்டும், பயிற்றுநர் வேண்டும், படகுக் கட்டணம் வேண்டும். இவை இல்லையெனின், தன் தீவுக்கும் சேர்த்து எழுப்பப்பட்ட அரங்கை அவள் தொலைக்காட்சியிலேயே காண்பாள். அவ்வாறெனின் அது மண்டைதீவில் இருப்பினும் அம்பாந்தோட்டையில் இருப்பினும் அவளுக்கு ஒன்றே.

எந்த விளையாட்டு என்பதும் இக்கடனோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்திற் கிரிக்கெட் நீண்ட வரலாறு உடையது; மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் 1904ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. ஆயின் அது பெரும்பாலும் நகரக் கல்லூரிகளின் மைதானங்களில் வளர்ந்த விளையாட்டு. கடலோரக் கிராமங்களிலும் தீவுகளிலும் வேரூன்றியது உதைபந்தாட்டமே. ஒரு பந்து போதும். காலணி இல்லாதவரும் ஆடலாம். ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உண்டு. கோயில் திருவிழாவையும் தேவாலயப் பெருநாளையும் ஒட்டிப் போட்டிகள் நடைபெறுவதுண்டு. நாற்பதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்குக்குச் செல்லும் வழியில், கோலுக்கு வலையில்லாத மைதானங்கள் பத்து இருக்குமாயின், கூரையை வேய்ந்துவிட்டுச் சுவரைப் பின்னர் கட்டலாம் என்றது போலாகும். வேர் கொண்ட விளையாட்டுக்கு நீரூற்றிவிட்டுப் புதிய விளையாட்டுக்கு இடம் கொடுத்தலே முறை.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இத்தனை கடன்களையும் அடைத்த பின்னரே அரங்கு என்றால் எந்த அரங்கும் எழாது. இது முன்னர் மறுக்கப்பட்ட தேவைகளின் வரிசையைப் பிறிதொரு பெயரால் மீண்டும் கொண்டுவருவதாகும் என்பது அம்மறுப்பு. இம்மறுப்பு கருதத்தக்கதே. ஆயின், தேவைக்கும் கடனுக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஊரின் எல்லாத் தேவைகளும் அரங்கினால் விளைந்தவையல்ல. அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு அரங்குக்கு இல்லை. மேற்கூறிய கடன்களோ அரங்கினாலேயே விளைபவை. அந்நிலத்தை எடுத்ததனால் அந்நிலத்துக்குக் கடன். அந்நினைவின்மீது கட்டுவதனால் அந்நினைவுக்குக் கடன். எல்லோர் பெயராலும் கட்டுவதனால் எல்லோர்க்கும் கடன். மேலும், கடன் யாவும் ஒரே நாளில் அடைக்கப்படுவதில்லை. இறந்தோர்க்குரியது மாத்திரம் அத்திவாரத்துக்கு முன்னர் அடைக்கப்படல் வேண்டும். கொங்கிறீட்டு இட்ட பின்னர் அதற்கு வழியில்லை. நீருக்குரியது திட்டத்தோடு சேர்ந்தே அடைக்கப்படல் வேண்டும். தொலைவிலுள்ள பிள்ளைக்குரியதை ஆண்டுதோறும் தவணையாக அடைத்து வரலாம். ஏற்றுக்கொண்ட கடனுக்கு நாள் குறிக்கலாம். மறுத்த கடனுக்கு நாளே இல்லை.

கடனென்று எண்ணுவதன் பிறிதொரு பயனையும் சுட்டுதல் தகும். கொடையைப் பெற்றவர் அதனைக் காப்பதிற் கருத்தூன்றுவதில்லை. பழுதுற்றால் மீண்டும் கொடையாளியை நோக்குவர். தாம் கடன்பட்டுக் கட்டியதையோ மக்கள் தமதென்று கருதுவர். ஜேர்மனியின் பேர்லின் நகரிலுள்ள யூனியன் பேர்லின் என்னும் உதைபந்தாட்டக் கழகம் பணமுட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், 2008, 2009ஆம் ஆண்டுகளில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆதரவாளர் கூலியின்றி உழைத்துக் கழகத்தின் பழைய அரங்கைப் புதுப்பித்தனர். சீமெந்து குழைத்தோரும் படிக்கட்டு அமைத்தோரும் பின்னர் அதே படிகளில் நின்று ஆட்டத்தைக் கண்டனர். சிரமதானம் என்னும் சொல்லை அறிந்த யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சனசமூக நிலையங்களையும் ஊர் மைதானங்களையும் இம்முறையிற் பேணிய கிராமங்கள் பல. நாற்பதாயிரம் பேருக்கான அரங்கைச் சிரமதானத்தால் எழுப்ப இயலாது என்பது உண்மையே. ஆயின், அதனை எழுப்புவது பற்றிய பேச்சில் தீவு மக்கள் கலந்துகொள்ள இயலும். மீன்பிடிச் சங்கமும் பாடசாலையும் விளையாட்டுக் கழகமும் காணாமற்போனோரின் உறவினரும் அமர்ந்து கேட்கவும் கூறவும் ஓர் இடம் இருத்தல் வேண்டும். அத்தகைய இடம் அமையுமாயின் கல் நடுமுன்னரே அரங்கின் ஒரு பகுதி கட்டப்பட்டதாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, விளையாட்டரங்கை வறுமை காட்டி மறுப்பதும் பெருமை காட்டி வரவேற்பதும் ஆகிய இரண்டுமே அறவினாவைத் தட்டிக்கழிக்கும் வழிகளாம். முன்னையது எளியோரின் மகிழ்ச்சியைக் கணக்கிலெடுக்கவில்லை. பின்னையது மகிழ்ச்சிக்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில் இருப்பதில்லை என்பதையும் கணக்கிலெடுக்கவில்லை. தீவகத்து மக்கள் அரங்கொன்றுக்குத் தகுதியானவர்களா என்பது வினாவன்று. அவர்கள் எல்லோரையும்போல் தகுதியானவர்களே. அவர்களுக்குத் தகுதியான அரங்கு யாது என்பதே வினா. மண்டைதீவுக் கிணறுகள் உண்மையைச் சொன்ன பின்னர், அயற் கிணறுகள் நன்னீராகவே நிலைக்கும் என்று உறுதி செய்த பின்னர், நெடுந்தீவுப் பிள்ளை பயிற்சி முடித்து இரவு தங்க ஓர் இடத்தை அமைத்த பின்னர், அங்கே எழும் ஆரவாரத்தில் எவரும் மனங்கூசாது கலந்துகொள்ளலாம். அந்நாளில் அவ்வரங்குக்கு எவர் பெயரைச் சூட்டினாலும் அது தீவு மக்களின் அரங்காகவே இருக்கும்.